வடித்த சோற்று மரியாதை

கமலவேணி யார் மகள் என்று கேட்டால், அந்தக் காலத்து மலாக்காவில், காஜா பெராங்கில் எவரும் சொல்லிவிடுவார்கள். ரயிலடியில் வேலை பார்த்த கலியாணசுந்தரத்தின் இளைய மகள். அவருக்கு இரண்டும் பெண். மூத்தவள் ருக்மணியைக் குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சுப்பையனுக்குக் கட்டிக் கொடுத்தார். சுப்பையனுக்கு ஒரே தம்பி, பெயர் சேதுபதி. அந்தச் சேதுபதிக்கே இளையவளையும் முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வாயெடுப்பதற்குள் கமலவேணி மிஸ்ஸி வேலை படிக்கப் போய்விட்டாள். நர்ஸை அங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள்.

“கண்டவன் பீத்துணி அலசவா பொண்ணப் பெத்தே?” என்று பங்காளிகள் கேட்டார்கள்.

“ஒங்களுதையும் ஒருநாள் அவதான்டா அலசுவா” என்றாராம் கலியாணசுந்தரம். அதுவும் நடந்தது. அது வேறு கதை.

கமலவேணி பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரச் சிஸ்டருக்குக் கீழே பல வருஷம் நின்றவள். சிஸ்டர் இரண்டு காரியத்தை இவர்கள் மண்டையில் ஏற்றியிருந்தார். நோயாளி சொல்வதைக் காதால் கேள், பிறகு அவன் சொல்லாததைக் கண்ணால் பார். மருந்து கொடுத்ததோடு வேலை முடிந்ததென்று போகாதே, கொடுத்த மருந்து என்ன செய்தது என்று திரும்பி வந்து பார்.

சப்பான்காரன் வந்தான். சிஸ்டர் சிங்கப்பூருக்குப் போனவர், என்ன ஆனார் என்று தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊர்ச் சனத்துக்கு வந்ததெல்லாம் புண். அட்டை கடித்த இடம், முள் கீறிய இடம், கொசுக்கடியைச் சொறிந்த இடம் என்று எதுவும் புண்ணாகி எலும்பு வரைக்கும் அழுகியது. சோப்பு இல்லை, துணி இல்லை, வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு. பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நாற்றம் வேண்டாம் என்று காஜா பெராங்கில் ஒரு வெறும் பள்ளிக்கூடத்தைத் திறந்து புண்காரர்களை அங்கே தள்ளினார்கள். சனம் அதற்குப் புண் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தது.

மேலே ஒரு சப்பான் டாக்டர். காரில் வருவார், மூக்கில் கைக்குட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். மருந்துக்கு டிரசர் ராஜரத்தினம், தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வருபவர். மற்ற ஆள் அம்பு, சமையல், துணி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் கமலவேணி பொறுப்பு. நேற்றுவரை சிஸ்டருக்கு இருந்த ‘பெரிய மிஸ்ஸி’ என்ற பெயர் அவளுக்கு வந்தது.

பெயர்தான் வந்தது. ஆள் நிற்கவில்லை. ஆயாக்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்தார்கள். இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கடித்தார்கள். கட்டு மாற்றவேண்டிய புண்ணை ‘அவ பாப்பா’ என்று இவளும் ‘இவ பாப்பா’ என்று அவளும் விட்டுவிட, கட்டுக்குள் புழு நெளிந்தது. ராஜரத்தினம் சத்தம் போடச் சொன்னார். கமலவேணிக்குச் சத்தம் போடத் தெரியாது. நோயாளி கட்டிலருகே உட்காருவதுபோல் ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, “எங்க வலிக்குது?” என்று கேட்டாள்.

ஆயா ரஹீமாதான் போட்டு உடைத்தாள். “மிஸ்ஸி, ஊரு சீயையும் சலத்தையும் அள்ளுறோம். அது ஒண்ணுமில்ல. ஆனா சோத்து நேரத்துக்கு அந்தப் புண்காரனும் நானும் ஒரே பானைக் கஞ்சியா? அவனுக்கு ஊத்துன அகப்பையிலேயே எனக்கும் ஊத்துனா நான் யாரு, நோயாளியா?”

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நோயாளிக் கஞ்சி பார்க்கவும் அழகாக இருக்காது. கொஞ்சம் அரிசி, அதோடு ஊரில் கிடைத்த பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, மரவள்ளிக் கொழுந்து எல்லாம் விழுந்து பச்சையும் கறுப்புமாகக் கொதிக்கும். வேலைக்காரருக்கென்று தனியாக அரிசி வந்தது. அதையும் கஞ்சிப் பானையில் கொட்டித்தான் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கமலவேணி சமையல்காரி பூங்காவனத்தைக் கூப்பிட்டாள். “நாளையிலேர்ந்து வேலை செய்யுறவங்களுக்குத் தனி உலை. வெள்ளைச் சோறா வடிச்சிரு. கருவாடு இருந்தா கருவாடு, இல்லன்னா புளித்தண்ணி.”

“வடிச்ச கஞ்சித்தண்ணி?”

“நோயாளிப் பானையில ஊத்திரு.”

அரிசியோ சுண்ணாம்புத் தூள் தூவி மூட்டை கட்டி வந்த பச்சரிசி. புழு விழாமலிருக்க அப்படி. அதை வெள்ளை போகும்வரை ஏழு தண்ணி, எட்டுத் தண்ணி அலசுவாள் பூங்காவனம். பிறகு வேகவைத்து, வடித்து, மல்லிகைப் பூப்போல் மங்குக் கிண்ணங்களில் போட்டு வைப்பாள். ஊரே கிழங்கு தின்ற காலத்தில் வெள்ளைச் சோறு. ஆட்கள் நிமிர்ந்துகொண்டார்கள். ஓடிப்போன ஆயாக்கள் திரும்பி வந்தார்கள். கட்டில்கள் பளிச்சென்று இருந்தன. புழு நின்றது. ராஜரத்தினமே, “சிஸ்டர் இருந்தப்பக்கூட இப்படி இல்ல” என்று சொன்னார்.

சேதுபதி அந்தச் சமயத்தில்தான் வார்டு வேலைக்குச் சேர்ந்தான். அண்ணன் சுப்பையனை மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிச் சயாமுக்கு ரயில் ரோடு போட லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மூன்று மாதம் எப்போதோ கழிந்துவிட்டது. ஆள் வரவில்லை, சேதியும் வரவில்லை. சேதுபதியையாவது ஓர் இடத்தில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று ருக்மணிதான் தங்கை கையில் ஒப்படைத்தாள். வாட்டசாட்டமான ஆள். நோயாளியைக் குழந்தையைப்போல் தூக்கிப் புரட்டுவான். வார்டில் அவளை “மிஸ்ஸி” என்றுதான் கூப்பிடுவான். அதற்கும் ரஹீமா விடமாட்டாள்.

“மொறைப்பொண்ண மிஸ்ஸிங்கிற ஒரே ஆம்பள மலாக்காவுல நீதான் சேது.”

ஆறேழு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு என்ன என்று தெரியாமல் என்னவோ ஆயிற்று. மறுபடியும் ஆட்களிடையே சிடுசிடுப்பு. துணி துவைக்கிறவள் பாதியில் சுவரில் சாய்ந்துகொண்டாள். வாளி தூக்குகிறவன் வழியில் இறக்கி வைத்தான். எல்லாரையும்விட மோசம் சேதுபதி. தரையைத் தேய்க்கச் சொன்னால் குந்தித் தேய்க்காமல் சப்பணமிட்டு உட்கார்ந்து நகர்வான். கூப்பிட்டால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ கிழவன் மாதிரி எழுந்திருப்பான்.

“ஒடம்பு வளர்ந்துபோச்சு. வெள்ளைச் சோறுல்ல?” என்றார் ராஜரத்தினம்.

கமலவேணி அவனைத் தனியே கண்டித்தாள். எல்லாருக்கும் முன்னாலும் ஒருமுறை கண்டித்தாள். முறைக்காரன் என்று பார்க்கிறாள் என்ற பேச்சு வந்துவிடக்கூடாதே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் காலையில் ஷம்சுதீன் நானாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது சேதுபதியின் கால் மடங்கிவிட்டது. ஷம்சுதீன் நானா ஊருக்குள் மளிகைக்கடை வைத்திருந்தவர். தொடையில் புண். ஆறிக்கொண்டிருந்த புண், விழுந்த வேகத்தில் வாய் பிளந்துகொண்டது.

வலியோடு வலியாக நானா சொன்னார்: “ஏம்ப்பா, என்னைய அரிசி மூட்டைன்னா நெனச்சே?”

“அரிசி மூட்டையா இருந்தா கீழ போடுவானா நானா? கட்டிப்புடிச்சிக்குவான்ல” என்று பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான். வார்டு சிரித்தது. சேதுபதி சிரிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது கமலவேணிக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிற்று.

நேரமும் கூடிவந்ததுபோல் அந்த வாரமே சப்பான் டாக்டர் வந்து, ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளைகள் அதிகம், உபயோகமில்லாத ஒருவனைச் சயாமுக்குக் கொடுத்துவிட வேண்டும், லோரி வரும்போது ஆள் தயாராக இருக்கவேண்டும் என்றார். அவர் பேசிய அரைகுறை இங்கிலீஷை ராஜரத்தினம் தமிழில் சொன்னார். யார் என்று பெரிய மிஸ்ஸிதான் சொல்லவேண்டும்.

கமலவேணி வார்டைப் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வேறொருவன் பெயரைச் சொன்னால் காலம் பூரா கேட்கும் பேச்சு எது என்று அவளுக்குத் தெரியும்.

“சேதுபதி” என்றாள்.

சேதி குருபோங்குக்குப் போகக் கால் முளைக்கவேண்டியதில்லை. மறுநாள் மத்தியானமே ருக்மணி வந்துவிட்டாள். வெயிலில் நடந்து வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்:

“ஏன்டி வேணி, ஒன் ஆஸ்பத்திரியில ஆம்பளைக்குப் பஞ்சமா? எங்க வீட்டு ஆம்பளைங்கதான் சப்பான்காரன் கண்ணுக்கும் தெரியுது, ஒன் கண்ணுக்கும் தெரியுது.”

“இங்க அக்கா தங்கச்சி கிடையாதுக்கா. வேலை செய்யாத ஆளத்தான் சொல்ல முடியும்.”

“அண்ணன் போன எடம் தெரியல. தம்பியையும் அனுப்பு. நான் வூட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறேன்.”

“அவன் சோம்பேறியாயிட்டான்க்கா. நானாவக் கீழ போட்டான். குந்தித் தரை தேய்க்கச் சொன்னா வணங்கல.”

“யாரு, சேதுவா சோம்பேறி? அவன் ஊட்டுக்கு வந்து ஒருநாளு நீ பாத்தியா? அடுப்பூதக் குந்துனா எந்திரிக்க முடியாம என் கையைப் புடிக்கிறான்டி. காலு மரத்துக் கெடக்குதுங்கிறான். செருப்பு கழண்டு போறதுகூடத் தெரியல அவனுக்கு. சொன்னா பேரு வெட்டிருவாங்கன்னு ஒங்கிட்ட மறைக்கிறான்.”

ருக்மணி அழுதுகொண்டே போய்விட்டாள். கமலவேணி அங்கேயே நின்றாள்.

குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப்போகிறது. இதை அவள் பார்த்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஈயம் தோண்டும் சீனர்களுக்கென்று தனி வார்டு ஒன்று இருந்தது. சிஸ்டர் அவர்களைக் கட்டிலருகே குந்தச் சொல்லி, கையூன்றாமல் எழச் சொல்வார். எழ முடியாதவனுக்குப் பெரிபெரி. கமலவேணியே எத்தனையோ பேரைக் குந்தவைத்திருக்கிறாள். ஆனால் அந்த வார்டில் தமிழாள் ஒருவனையும் அவள் பார்த்ததில்லை. பெரிபெரி சீனன் நோய், நமக்கு வராது என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் கண் முன்னால் நின்றதை அவள் கண் பார்க்கவில்லை.

ராஜரத்தினத்திடம் போய்ச் சொன்னாள். அவரும் அதையே சொன்னார்.

“நம்ம ஆளுக்கா பெரிபெரி? நல்லாயிருக்கு. நாம புழுங்கரிசி தின்னுற சாதி மிஸ்ஸி. சீனன்தான் வெள்ளைப் பச்சரிசி தின்னு கால் வீங்குவான்.”

“நாம புழுங்கரிசி தின்னு எவ்வளவு நாளாச்சு டிரசர்?”

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். சப்பான்காரன் வந்த பிறகு ரங்கூன் புழுங்கல் அரிசியைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

மறுநாள் காலை, பசியாறியதும், கமலவேணி வேலைக்காரர்கள் எல்லாரையும் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்தாள்.

“எல்லாரும் குந்துங்க. கையூன்றாம எந்திரிங்க.”

“என்ன மிஸ்ஸி, சப்பான்காரன் மாதிரி நீங்களும் டிரில் எடுக்கிறீங்க?” என்று ரஹீமா சிரித்துக்கொண்டே குந்தினாள். எழும்போது பக்கத்தில் நின்ற சேதுபதியின் வேட்டியைப் பிடித்தாள். சேதுபதி எழுந்தால்தானே. இரண்டு பேருமாகச் சரிந்தார்கள்.

“அட, நிக்கா முடிஞ்சிருச்சா?” என்று உள்ளேயிருந்து ஷம்சுதீன் நானா கேட்டார்.

சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. துணி துவைக்கிறவள் எழவில்லை. வாளி தூக்குகிறவன் தூணைத் தேடினான். வரிசையில் பாதிப்பேர் தரையைக் கையால் தொட்டார்கள். விருட்டென்று எழுந்தவள் ஒருத்திதான். சமையல்காரி பூங்காவனம்.

“நீ என்ன தின்னுற?” என்று கேட்டாள் கமலவேணி.

பூங்காவனம் பயந்துவிட்டாள். “சத்தியமா உங்க சோத்துல கை வைக்கல மிஸ்ஸி. நோயாளிக் கஞ்சியிலதான் உப்புப் பாப்பேன். அடிப்பானையில கெடக்கிற பயற வழிச்சிக் குடிப்பேன். அது யாருக்கும் வேணாம்னுதானே…”

கமலவேணி வார்டுக்குள் போய் நோயாளிகளின் நல்ல காலாகப் பார்த்து அழுத்திக்கொண்டே வந்தாள். புண் இருந்ததே தவிர வீக்கமில்லை. பயறும் கீரையும் வடித்த கஞ்சித்தண்ணியும் இவர்கள் வயிற்றுக்குப் போயிருந்தன, அலசி வடித்த வெறும் சோறுதான் வேலைக்காரர்கள் வயிற்றுக்கு. பிறகு மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குந்தினாள். எழுவதற்குச் சன்னல் கம்பியைப் பிடிக்கவேண்டியிருந்தது. தன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தினாள். விழுந்த பள்ளம் நிறைய நேரம் அப்படியே கிடந்தது.

ஆட்கள் வலிக்கிறது என்று சொன்னதைக் கேட்டாள். வெள்ளைச் சோற்றை மருந்தாகக் கொடுத்தாள். கொடுத்த மருந்து என்ன செய்தது என்று திரும்பி வந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. வெளியே வந்து, இன்றிலிருந்து தனி உலை கிடையாது, எல்லாருக்கும் பயற்றங்கஞ்சி என்றாள்.

ஒருவரும் ஒப்பவில்லை. ரஹீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “சோத்தைக் குடுத்து மனுசியாக்கினீங்க. இப்ப புடுங்குறீங்க. சப்பான்காரன் அரிசியக் கொறச்சிட்டான்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். சோறு தின்னா நோவு வரும்னு சொல்லாதீங்க. எங்க உம்மாவே சிரிப்பாங்க.”

“நீங்க ஒங்க அக்கா கொழுந்தனக் காப்பாத்த எங்க வாயில மண்ணப் போடுறீங்க” என்று வாளிக்காரன் சொன்னான்.

 தனி உலை அன்றும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. கமலவேணி மட்டும் நோயாளிப் பானையில் ஒரு மங்கு வாங்கிக் குடித்தாள். அதைப் பார்த்தும் யாரும் மனம் மாறவில்லை.

லோரி வருகிற நாளுக்கு முன்னதாகவே டாக்டர் வந்துவிட்டார். கமலவேணி முன்னால் போய், சேதுபதியை அனுப்ப முடியாது, அவனுக்கு வியாதி என்றாள். ராஜரத்தினம் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னார். போன தடவை உபயோகமில்லாதவன் என்றவள் இந்தத் தடவை வியாதிக்காரன் என்கிறாள். டாக்டருக்கு அது பொய்யாகத்தான் பட்டது. கமலவேணியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். தலையில் வைத்திருந்த வெள்ளைத்துணி கழன்று விழுந்தது. கமலவேணி அதை எடுக்கவில்லை. சேதுபதியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தி, “குந்து” என்றாள். அவன் குந்தினான். “எந்திரி” என்றாள். அவன் எழ முயன்று பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனை மேசை விளிம்பில் உட்காரவைக்கச் சொல்லி, தொங்கிய காலின் முட்டிக்குக் கீழே கையின் விளிம்பால் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுகாலையும் தட்டினார். அதுவும் துள்ளவில்லை.

“காக்கே” என்றார்.

அவர்கள் ஊரில் பெரிபெரிக்கு அதுதான் பெயராம். தங்கள் பட்டாளத்தில் ஒரு காலத்தில் சண்டையில் செத்தவனுக்குச் சமமாக இதில் செத்தார்கள் என்று ராஜரத்தினத்திடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. நடக்க முடியாதவனை ஏற்றி அனுப்பினால் அங்கே தன்னைத்தான் கேட்பார்கள். அதனால் இவன் வேண்டாம். ஆனால் வேலை செய்யாதவனுக்கு வேலைக்காரன் அரிசி கிடையாது. இவன் இனி நோயாளி. கட்டிலில் போட்டு நோயாளிக் கஞ்சி ஊற்றுங்கள். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

வேலைக்காரர்களுக்கு அது பெரிய அவமானமாகத் தெரிந்தது. ரஹீமா சேதுபதிக்குப் பாய் விரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். கமலவேணி மட்டும் பூங்காவனத்திடம் போய், “அடியில கெடக்கிற பயறா அவனுக்கு ஊத்து” என்றாள்.

ஷம்சுதீன் நானாவுக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. “வா மாப்ள, ஒரே பானைக்கு வந்துட்டியா” என்று நானா வரவேற்றார்.

வேலைக்காரர்கள் தினமும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். இவர்கள் கையில் வெள்ளைச் சோறு, அவன் கையில் பச்சைக் கஞ்சி. முதலில் பாவம் என்று பார்த்தார்கள். அப்புறம் அவன் முகத்தில் ஊதியிருந்தது வற்றியதைப் பார்த்தார்கள். ஒருநாள் சேதுபதி தானாக எழுந்து நானாவின் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தான். அன்று மத்தியானம் ரஹீமா தன் மங்கைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பூங்காவனம் வடித்த சோற்றைப் போடப் போனாள். ரஹீமா மங்கை மற்றப் பானைப் பக்கம் நீட்டினாள்.

“உப்புப் பாக்கத்தான்” என்றாள்.

கொஞ்ச நாளில் எல்லாருமே உப்புப் பார்த்தார்கள். தனி உலை தானாக நின்றது.  அன்றிலிருந்து வேலைக்காரர்களுக்குக் கஞ்சியை, நோயாளிகளுக்கு ஊற்றுவதற்கு முன்பே, வேறு அகப்பையில், கமலவேணியே ஊற்றினாள். வாரத்துக்கொருமுறை வராந்தாவில் எல்லாரையும் குந்தி எழ வைத்தாள். அவளும் குந்தி எழுந்தாள்.

லோரி வெறுமனே போகவில்லை. புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்தில் யாரையோ ஏற்றிக்கொண்டது என்றார்கள். யார் என்று கமலவேணி விசாரித்தாள். பெயர் சொல்லத் தெரிந்தவர் இல்லை.

சப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். புது சிஸ்டர் வந்ததும் கமலவேணி பழையபடி வார்டு மிஸ்ஸியானாள். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேதுபதிக்குத்தான் புக்கிட் காதிலில் பெண் பார்த்தது, ருக்மணி முன்னின்று. கல்யாணச் சமையல் பூங்காவனம். உலை கொதித்ததும் பந்தலுக்கு வந்து, “மிஸ்ஸி, வடிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“கல்யாணம்தானே. வடி” என்றாள் கமலவேணி.

தாலி கட்டி முடிந்ததும் ஷம்சுதீன் நானா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். “பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீங்களா? இல்ல நான் பாத்துக் குடுக்கவா? டேய், குந்துடா” என்றார்.

மாலையும் கழுத்துமாகச் சேதுபதி குந்தினான். கையூன்றாமல் எழுந்தான். பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். புண் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஹீமா சத்தமாகச் சிரித்தாள்.

ருக்மணியும் சிரித்தாள். சுப்பையன் இன்னும் வரவில்லை என்றாலும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ரோட்டில் ஏதோ லோரி போகிற சத்தம் கேட்டது. அவள் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கமலவேணி அதைப் பார்த்தாள். எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.